மாடியில் ஒரு குளம்: தளம் தாங்குமா?

ஒரு கேள்வியுடன் தொடங்குவோம். சின்னமனூரில் ஒரு பழைய மாடி வீடு. மாடி அறையில் ஒரு விசேஷ நாளன்று பதினான்கு பேர் கூடி நிற்கிறார்கள். ஆளுக்கு 60 கிலோகிராம் என்றால் மொத்தம் 840 கிலோகிராம். தளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மறு மாதம் அதே அறையில் ஒரு பெரிய மீன் தொட்டியை வைக்க விரும்புகிறார்கள். நீரோடு சேர்த்து அதன் எடையும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆனால், அழைத்துக் கேட்ட கொத்தனார் தலையை அசைக்கிறார். "அடியில் ஏதாவது முட்டுக் கொடுக்காமல் வைக்காதீர்கள்" என்கிறார். அந்த அறைக்கு நேர் கீழேதான் பாட்டியின் கட்டில் இருக்கிறது.

கொத்தனார் வீணாகப் பயப்படுகிறாரா? இல்லை. அவர் அனுபவத்தால் அறிந்ததை நாம் இயற்பியலால் அறிய முடியும். எடை எவ்வளவு என்பது பாதிக் கேள்விதான். அந்த எடை எங்கே இறங்குகிறது, எந்த வழியாகத் தரைக்குப் போய்ச் சேருகிறது என்பதே மறு பாதி. தளத்தின் பாதுகாப்பு பெரும்பாலும் இந்த மறு பாதியில்தான் இருக்கிறது. இதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

தொட்டியின் உண்மையான எடை

தொட்டியின் நீளம் 1.8 மீட்டர், அகலம் 0.6 மீட்டர், உயரம் 0.6 மீட்டர் எனக் கொள்வோம். நம் வழக்கில் சொன்னால் ஆறடித் தொட்டி. விளிம்பு வரை யாரும் நீர் ஊற்றுவதில்லை. 0.55 மீட்டர் உயரத்துக்கு நிரப்பினால் நீரின் கனஅளவு 1.8 × 0.6 × 0.55 = 0.594 கனமீட்டர். ஒரு கனமீட்டர் நீரின் நிறை 1000 கிலோகிராம். எனவே நீர் மட்டும் 594 கிலோகிராம்.

அடுத்து கண்ணாடி. அடிப்பக்கம், நீண்ட பக்கங்கள் இரண்டு, குறுகிய பக்கங்கள் இரண்டு ஆகியவற்றின் பரப்பு மொத்தம் 3.96 சதுரமீட்டர். கண்ணாடியின் தடிமன் 12 மில்லிமீட்டர் என்றால் அதன் கனஅளவு ஏறத்தாழ 0.0475 கனமீட்டர். கண்ணாடியின் அடர்த்தி கனமீட்டருக்குச் சுமார் 2500 கிலோகிராம். ஆகவே கண்ணாடியின் நிறை சுமார் 119 கிலோகிராம்.

அடியில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கூழாங்கல் பரப்புவார்கள். அதன் நிறை சுமார் 80 கிலோகிராம். ஆனால், இதை அப்படியே கூட்டிவிடக் கூடாது. கற்கள் உள்ளே இருக்கும் இடத்தில் நீர் இருக்க முடியாதல்லவா? அவை இடம்பெயர்க்கும் நீர் சுமார் 30 கிலோகிராம். நீர்மட்டம் அதே 0.55 மீட்டரில் இருக்கும்போது கற்களால் கூடும் எடை 50 கிலோகிராம் மட்டுமே. இரும்புத் தாங்கி 60 கிலோகிராம். மூடி, விளக்கு, வடிகட்டி, அலங்காரக் கற்கள் எல்லாவற்றையும் சேர்த்தால் மொத்தம் ஏறத்தாழ 850 கிலோகிராம்.

இங்கே ஒரு சிறு புதிர். தொட்டியில் ஒரு கிலோகிராம் நிறையுள்ள மீனை விடுகிறோம். மீன் நீரில் மிதந்து நீந்துகிறது. தொட்டியின் அடியைத் தொடவே இல்லை. தளத்தின் மேல் அதன் எடை விழுமா, விழாதா? விழும். மீனை நீர் மேல்நோக்கித் தாங்குகிறது என்றால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி மீன் நீரைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. நீர்மட்டம் சற்று உயர்கிறது. அடிக்கண்ணாடியின் மேல் அழுத்தம் கூடுகிறது. அது தளத்துக்குப் போய்ச் சேருகிறது. தொட்டி முன்பே விளிம்பு வரை நிரம்பியிருந்தால்? மீன் தன் எடைக்குச் சமமான நீரை வெளியே வழியச் செய்துவிடும். வழிந்த நீரைத் துடைத்துவிட்டால் மொத்த எடை மாறாது. ஆர்க்கிமிடீஸின் தத்துவம் மீன் தொட்டியிலும் செல்லும்.

சதுரமீட்டர்க் கணக்கு

தொட்டியின் அடிப்பரப்பு 1.8 × 0.6 = 1.08 சதுரமீட்டர். அப்படியானால் ஒரு சதுரமீட்டரின் மேல் விழும் சுமை 850 ÷ 1.08 = 787 கிலோகிராம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 875 என்னும் விதித்தொகுப்பின் இரண்டாம் பகுதி (1987), குடியிருப்பு அறைகளின் தளத்தை ஒரு சதுரமீட்டருக்கு 2 கிலோ நியூட்டன் சுமைக்கு வடிவமைக்கச் சொல்கிறது. ஏறத்தாழ 200 கிலோகிராம் எடை. நம் தொட்டியோ அதைப்போல் நான்கு மடங்கு!

உடனே தளம் இடிந்துவிடும் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அறை 4.5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் உள்ளதாயின் அதன் பரப்பு 13.5 சதுரமீட்டர். சதுரமீட்டருக்கு 200 கிலோகிராம் வீதம் அறை முழுவதும் 2700 கிலோகிராம் தாங்க வேண்டும். தொட்டி அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. முதல் கணக்கு நம்மைப் பயமுறுத்துகிறது. இரண்டாவது கணக்கு நம்மை ஏமாற்றுகிறது. உண்மையை அறிய, தளத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

தளத்தின் உள்ளே

தமிழ்நாட்டின் பழைய மாடி வீடுகள் பலவற்றில் மெட்ராஸ் டெரஸ் எனப்படும் தளம் உண்டு. ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குத் தேக்குக் கட்டைகளை வரிசையாக வைப்பார்கள். ஒரு கட்டைக்கும் அடுத்ததற்கும் இடையே ஒன்றரை அடி, அதாவது சுமார் 45 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். கட்டைகளின் மேல் சிறிய செங்கற்களைக் குத்துக்கல்லாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டி, கட்டையால் தட்டித் தட்டி இறுக்குவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. இத்தகைய தளத்தின் சொந்த எடையே சதுரமீட்டருக்குச் சுமார் 400 கிலோகிராம்.

இங்கே சுமை செல்லும் வழியைக் கவனியுங்கள். தொட்டியின் எடை முதலில் தட்டோட்டுக்கு, அங்கிருந்து ஜல்லிக்கும் செங்கல்லுக்கும், பிறகு தேக்குக் கட்டைக்கு, கட்டையின் இரு முனைகள் வழியாகச் சுவருக்கு, சுவரிலிருந்து அடித்தளத்துக்கு, கடைசியில் பூமிக்கு. சங்கிலியின் வலிமை அதன் மிக நலிந்த கண்ணியின் வலிமைதான். இந்த வழியில் பெரும்பாலும் நலிந்த கண்ணி, வளையும் கட்டையே. ஆகவே அதன்மேல் நம் கவனத்தைச் செலுத்துவோம்.

வளைக்கும் திறன்

ஒரு ரப்பர் அழிப்பானின் பக்கவாட்டில் சம இடைவெளியில் செங்குத்துக் கோடுகள் வரையுங்கள். அதன் இரு முனைகளையும் தாங்கி, நடுவில் விரலால் அழுத்துங்கள். மேற்பக்கக் கோடுகள் நெருங்குகின்றன. கீழ்ப்பக்கக் கோடுகள் விலகுகின்றன. மேற்பக்கம் அமுக்கப்படுகிறது, கீழ்ப்பக்கம் இழுக்கப்படுகிறது. நடுவில் நெருங்கவும் இல்லாமல் விலகவும் இல்லாமல் ஒரு தளம் இருக்கிறது. சுமை தாங்கும் ஒவ்வொரு கட்டையிலும், கான்கிரீட் தளத்திலும் நடப்பது இதுவே.

எவ்வளவு வளையும் என்பதைத் தீர்மானிப்பது வளைவுத் திருப்புத்திறன். இரு முனைகளிலும் தாங்கப்பட்ட கட்டையின் நடுவில் ஒரு சுமை நின்றால், வளைவுத் திருப்புத்திறன் = சுமை × நீளம் ÷ 4. சுமை ஒரு முனைக்கு அருகில் நின்றால், சுமையை இரு முனைகளிலிருந்தும் உள்ள தூரங்களால் பெருக்கி, மொத்த நீளத்தால் வகுக்க வேண்டும்.

நம் தொட்டிக்கு இதைப் பொருத்துவோம். கட்டையின் நீளம் 3 மீட்டர். தொட்டியைக் கட்டைகளுக்குக் குறுக்காக வைத்தால், அதன் 1.8 மீட்டர் நீளத்தில் நான்கு கட்டைகள் பங்கெடுக்கும். ஒவ்வொன்றுக்கும் 850 ÷ 4, அதாவது சுமார் 212 கிலோகிராம்.

தொட்டி அறையின் நடுவில் இருந்தால்: 212 × 3 ÷ 4 = 159 கிலோகிராம்-மீட்டர்.

அதே தொட்டி, கட்டை முனைகள் பதிந்திருக்கும் சுவரை ஒட்டி, அதன் நடுக்கோடு சுவரிலிருந்து 0.35 மீட்டரில் இருந்தால்: 212 × 0.35 × 2.65 ÷ 3 = 65 கிலோகிராம்-மீட்டர்.

தொட்டிக்கு 60 சென்டிமீட்டர் அகலம் இருப்பதால் இரண்டு விடைகளுமே உண்மையில் சற்றுக் குறையும். 143 என்றும் 59 என்றும் ஆகும். எப்படியானாலும் வேறுபாடு இரு மடங்குக்கு மேல்!

தொட்டியைக் கட்டைகளுக்கு இணையாக, அறை நடுவில் வைத்தால் என்ன ஆகும்? அகலம் 60 சென்டிமீட்டரே என்பதால் எடை முழுவதும் இரண்டு கட்டைகளின் மேல் விழும். ஒவ்வொன்றுக்கும் 425 கிலோகிராம். அந்த எடை 1.8 மீட்டர் நீளத்தில் பரவி விழுவதையும் கணக்கில் கொண்டாலும் வளைவுத் திருப்புத்திறன் 223 கிலோகிராம்-மீட்டர். அதே வீடு, அதே தொட்டி, அதே நீர். ஒரு பைசா செலவில்லாமல், திருப்பி நகர்த்தி வைப்பதாலேயே 223 என்பது 59 ஆகக் குறைகிறது. பதினான்கு பேர் நின்றபோது தளம் ஏன் கவலைப்படவில்லை என்பதும் இப்போது விளங்கும். அவர்கள் அறை முழுவதும் பரவி, எல்லாக் கட்டைகளின் மேலும் நின்றார்கள். பந்தி முடிந்ததும் இறங்கிப் போய்விட்டார்கள்.

கட்டை தாங்குமா?

கட்டையின் அகலம் 7.5 சென்டிமீட்டர், உயரம் 15 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். வளைவை எதிர்க்கும் அதன் ஆற்றலை, அகலம் × உயரம் × உயரம் ÷ 6 என்னும் அளவு காட்டும். விடை 281 கன சென்டிமீட்டர். வளைவுத் திருப்புத்திறனை இதனால் வகுத்தால் மரத்தில் எழும் பெருமத் தகைவு கிடைக்கும்.

தொட்டி வருவதற்கு முன்பே, தளத்தின் சொந்த எடையால் கட்டையின் நடுவில் தகைவு ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 72 கிலோகிராம் எடை. தொட்டியை மிக மோசமான முறையில், நடுவில் கட்டைகளுக்கு இணையாக வைத்தால் இன்னும் 79 கூடி 151 ஆகிறது. நல்ல தேக்குக்குப் பொறியாளர்கள் அனுமதிக்கும் தகைவு ஏறத்தாழ 140. எல்லை தாண்டிவிட்டது! சுவரையொட்டிக் குறுக்காக வைத்தாலோ நடுத்தகைவு 85 அளவில் நின்றுவிடும்.

இந்த 140 என்பது நல்ல மரத்துக்கு மட்டும் பொருந்தும். கட்டையின் முனைகள் சுவருக்குள் புதைந்திருக்கும். மழைநீர்க் கசிவும் கறையானும் முதலில் தாக்குவது அந்த மறைவான முனைகளையே. வெளியே பளபளவென்று இருக்கும் கட்டை உள்ளே செல்லரித்துப் போயிருக்கலாம். மேலும், மரத்துக்கு ஒரு குணம் உண்டு. சிறிது நேரம் தாங்கும் சுமையால் வளைந்து பழைய நிலைக்குத் திரும்பும் மரம், ஆண்டுக்கணக்கில் அதே சுமை நீடித்தால் மெல்ல மெல்லத் தொய்ந்துகொண்டே போகும். விருந்தினர்கள் தற்காலிகச் சுமை. மீன் தொட்டி நிலையான சுமை. கொத்தனாரின் தயக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

தளம் உடைவதற்கு வெகு முன்பே வேறொரு ஆபத்தும் காத்திருக்கிறது. தளம் ஒரு பக்கம் சற்றுத் தொய்ந்தால் தாங்கி சாய்கிறது, தொட்டி முறுக்கப்படுகிறது. கண்ணாடி வளைந்து கொடுக்காத பொருள். மூலையிலோ ஒட்டுப் பசையிலோ விரிசல் விட்டால், 594 லிட்டர் நீர் சுண்ணாம்புத் தளத்தில் ஊறிக் கீழே இறங்கும்.

நீளத்தைக் குறை, உயரத்தைக் கூட்டு

தளத்தை வலுப்படுத்தும் முறைகள் பல. ஆனால், அவற்றின் பின்னுள்ள விதிகள் சிலவே. கையில் ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு புத்தக அடுக்குகளுக்கு இடையே அதைக் கிடையாக வைத்து, நடுவில் சில நாணயங்களை வையுங்கள். எவ்வளவு தொய்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். இப்போது புத்தகங்களை நகர்த்தி இடைவெளியைப் பாதியாக்குங்கள். தொய்வு பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகிவிடும்! தொய்வு நீளத்தின் முப்படிக்கு நேர்விகிதத்தில் இருப்பதே காரணம்.

அடுத்து, அளவுகோலை விளிம்பில் நிறுத்தி வையுங்கள். 3 சென்டிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள அளவுகோல், படுத்திருப்பதைவிட நிற்கும்போது பத்து மடங்கு வலிமையும் நூறு மடங்கு விறைப்பும் பெறுகிறது. படுத்த அளவுகோலைவிட நின்ற அளவுகோல் வலியது என்பதையும், எத்தனை மடங்கு வலியது என்பதையும் 1638இல் வெளியான தம் நூலில் கலீலியோ விளக்கியிருக்கிறார். அகலத்தை இரட்டித்தால் வலிமை இரட்டிக்கும். உயரத்தை இரட்டித்தால் வலிமை நான்கு மடங்காகும், விறைப்பு எட்டு மடங்காகும்.

இவ்விதிகளை வைத்து மாடியை வலுப்படுத்தும் வழிகளைப் பார்ப்போம்.

முதல் வழி, நடுவில் ஒரு தாங்கல். தேக்குக் கட்டைகளுக்கு அடியில், அவற்றுக்குக் குறுக்காக, ஒரு பக்கச் சுவரிலிருந்து மறு பக்கச் சுவருக்கு 'ஐ' வடிவ இரும்பு விட்டம் ஒன்றைப் பொருத்துவார்கள். 3 மீட்டர்க் கட்டை இப்போது இரண்டு ஒன்றரை மீட்டர்க் கட்டைகள் போல் வேலை செய்யும். அழிப்பானில் கண்டதுபோல் தகைவு மிகுதியாக உள்ளது மேற்பக்கத்திலும் கீழ்ப்பக்கத்திலும்தான். எனவே அந்த இரண்டு இடங்களிலும் இரும்பை அகலமாக வைத்து, நடுவை மெல்லிய தகடாக விட்டிருக்கிறார்கள். விட்டத்தின் முனைகள் சுவரில் அமரும் இடத்தில் கருங்கல் பலகையோ கான்கிரீட் கட்டையோ வைக்க வேண்டும். இல்லையேல் சுமை ஒரே இடத்தில் குவிந்து பழைய செங்கல்லை நொறுக்கிவிடும்.

இரண்டாம் வழி, தூண். சுவருக்குச் சுவர் தூரம் அதிகமாயின் விட்டத்துக்கு நடுவில் ஒரு தூண் கொடுக்கலாம். ஆனால், தூணைக் கீழ்வீட்டுச் சிமெண்டுத் தரையின் மேல் நிறுத்திவிட்டால் போதாது. அந்தத் தரை மெல்லியது; அதன் அடியில் இருப்பது நிரப்பிய மண். தோண்டி, அடித்தளம் இட்டு, அதன்மேல் நிறுத்த வேண்டும். சுமையின் பயணம் பூமி வரை முழுமையாக இருக்க வேண்டும் அல்லவா?

மூன்றாம் வழி, துணைக் கட்டை. தொட்டியின் அடியில் வரும் ஒவ்வொரு பழைய கட்டைக்கும் பக்கத்தில் அதே நீளமுள்ள புதிய கட்டையையோ இரும்புச் சட்டத்தையோ சேர்த்து, போல்ட் போட்டு இறுக்குவது. புதிய கட்டை பழையதைவிட உயரமாக இருந்தால் பலன் பெரிது.

மூன்று வழிகளுக்கும் பொதுவான ஒரு நுட்பம் உண்டு. புதிய விட்டத்துக்கும் பழைய கட்டைக்கும் இடையில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலும், பழைய கட்டை அந்த ஒரு மில்லிமீட்டர் தொய்ந்து முடியும் வரை புதியது சும்மா இருக்கும். எனவே இடைவெளியில் இரும்பு ஆப்புகளோ, சுருங்காத சாந்தோ வைத்து இறுக்குவார்கள். அப்படி இறுக்கியபின்னும், தளத்தின் பழைய எடையைப் பழைய கட்டையே சுமந்துகொண்டிருக்கும். புதிய விட்டம் துணைக்கு வருவது அதன் பின் ஏறும் சுமைக்குத்தான். அதனால்தான் வேலை முடிந்த பிறகே தொட்டியில் நீர் ஊற்ற வேண்டும். நீர் ஊற்றிய பிறகு முட்டுக் கொடுப்பதில் பயன் குறைவு.

தாங்கியின் கால்களையும் மறந்துவிடக் கூடாது. நான்கு கால்கள், ஒவ்வொன்றின் அடியும் 4 சென்டிமீட்டர்ச் சதுரம் என்றால், சதுர சென்டிமீட்டருக்கு 13 கிலோகிராம் எடை வீதம் தட்டோட்டை அழுத்தும். பழைய சுண்ணாம்புச் சாந்துக்கு இது அதிகம். கால்களுக்கு அடியில் கனமான பலகை ஒன்றைப் பரப்பினால் அழுத்தம் பல மடங்கு குறையும்.

கான்கிரீட் தளமாக இருந்தால்?

இன்றைய வீடுகளில் பெரும்பாலும் கம்பி கட்டிய கான்கிரீட் தளமே. கான்கிரீட் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். இழுவிசையைத் தாங்கும் ஆற்றலோ அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். எனவே இழுவிசை தோன்றும் பக்கத்தில் இரும்புக் கம்பிகளைப் பதிக்கிறார்கள். நான்கு பக்கமும் சுவர் தாங்கும் அறைத் தளத்தின் நடுவில் இழுவிசை கீழ்ப்பக்கத்தில், கம்பியும் கீழே. சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியில் நிலைமை தலைகீழ். அங்கே இழுவிசை மேற்பக்கத்தில். கம்பியும் மேலே இருக்க வேண்டும். நடுவில் நின்ற சுமைக்குச் சுமை × நீளம் ÷ 4 என்றோம். நீட்டிய பலகையின் நுனியில் நின்றால் சுமை × நீளம், வகுத்தலே இல்லை. ஆகவே பால்கனியில் பெரிய தொட்டி வைப்பது கூடவே கூடாது. அறைக்குள், சுவரையோ தளத்தின் அடியிலுள்ள பீமையோ ஒட்டி வைப்பதே முறை.

அணைக்கு மருந்து, மாடிக்கு நஞ்சு

"தளத்தின் மேல் இன்னொரு அடுக்குக் கான்கிரீட் போட்டால் பலமாகிவிடாதா?" என்று சிலர் கேட்பார்கள். கணக்குப் போடுவோம். 5 சென்டிமீட்டர் தடிமனில் 13.5 சதுரமீட்டர் அறைக்குக் கான்கிரீட் இட்டால் அதன் நிறை சுமார் 1620 கிலோகிராம். ஏறத்தாழ இரண்டு மீன் தொட்டிகள்! பழைய கட்டைகளின் மேல் ஒரு தொட்டி வைக்கப் பயந்து இரண்டு தொட்டிகளின் எடையை ஏற்றியதாக முடியும்.

ஆனால், எடை சேர்ப்பதே பலமாகும் இடமும் உண்டு. அதற்கு உதாரணம் தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சின்னமனூரின் வயல்களுக்கு வரும் நீர், முல்லைப் பெரியாறு அணையில் தேங்கி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பள்ளத்தாக்குக்கு இறங்குவது. பென்னி குவிக் கட்டிய அந்த அணை 1895இல் நிறைவு பெற்றது. கல்லும், சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கலவையும் கொண்டு எழுப்பப்பட்டது. 1979க்குப் பின் அதை வலுப்படுத்தியபோது உச்சியில் கான்கிரீட் தொப்பி போல ஓர் அடுக்கை ஏற்றினார்கள். அணையின் ஊடே துளையிட்டு எஃகு வடங்களை அடிப்பாறையோடு பிணைத்து இறுக்கினார்கள். பின்புறம் கான்கிரீட் முதுகு ஒன்றைச் சேர்த்தார்கள்.

ஏன் அங்கே எடை நன்மை? அணையை நீர் பக்கவாட்டில் தள்ளுகிறது, கவிழ்க்கப் பார்க்கிறது. கவிழாமல் நிறுத்துவது அணையின் சொந்த எடை. எனவே எடை கூடினால் உறுதி கூடும். தளத்தையோ சுமை கீழ்நோக்கி வளைக்கிறது. அங்கே எடை கூடினால் வளைவு கூடும். வலுப்படுத்துவது என்றால் எதையாவது சேர்ப்பது அன்று. எந்த விசையை எதிர்க்கிறோம் என்று அறிந்து, அதற்கு ஏற்றதைச் சேர்ப்பது.

மீன் தொட்டியின் கண்ணாடியும் ஒரு குட்டி அணைதான். நம் தொட்டியின் நீண்ட பக்கக் கண்ணாடியை நீர் பக்கவாட்டில் தள்ளும் விசை சுமார் 270 கிலோகிராம் எடைக்குச் சமம். இது நீரின் ஆழத்தையும் கண்ணாடியின் நீளத்தையும் மட்டும் பொறுத்தது. தொட்டியின் அகலத்தைப் பொறுத்தது அன்று. தொட்டி 60 சென்டிமீட்டருக்குப் பதில் 6 மீட்டர் அகலமாக இருந்தாலும் அந்தக் கண்ணாடியின் மேல் அதே விசைதான். தளத்தின் மேல் விழும் எடையோ பத்து மடங்காகிவிடும்.

உங்கள் வீட்டு மொட்டை மாடியில்

"எங்கள் வீட்டில் மீன் தொட்டி இல்லையே" என்கிறீர்களா? மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். கறுப்பு நிறத்தில் 1000 லிட்டர் பிளாஸ்டிக் நீர்த்தொட்டி ஒன்று நிற்கலாம். நிரம்பினால் அதன் எடை ஒரு டன்னுக்கு மேல். நாம் இவ்வளவு நேரம் கணக்கிட்ட மீன் தொட்டியைவிடக் கனமானது. அது எங்கே நிற்கிறது? கீழே உள்ள அறையின் நடுவிலா, சுவருக்கு மேலா? விவரம் அறிந்த கொத்தனார், கீழ்ச்சுவர்களுக்கு நேர் மேலே இரண்டு சிறு செங்கல் சுவர்கள் எழுப்பி, அவற்றின் மேல் பலகை போட்டுத் தொட்டியை வைத்திருப்பார். சுமை, தளத்தை வளைக்காமல் நேரே சுவருக்கு இறங்கிவிடும்.

இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டின் தளத்தை ஒரு தாளில் வரையுங்கள். எந்தச் சுவர்கள் சுமை தாங்குபவை, கட்டைகளோ பீம்களோ எந்தத் திசையில் ஓடுகின்றன, அவற்றின் நீளம், அகலம், உயரம் எவ்வளவு என்று குறியுங்கள். கனமான பொருள்களான நீர்த்தொட்டி, பீரோ, நெல் மூட்டைகள், புத்தக அலமாரி எங்கெங்கே இருக்கின்றன என்று அதில் காட்டுங்கள். ஒரு தட்டில் நீர் வைத்து, தளத்தின் நடுவில் வைத்துப் பக்கத்தில் நடந்து பாருங்கள். பிறகு சுவரோரம் வைத்துப் பாருங்கள். நீரின் மேல் தோன்றும் அலைகள், தளம் எங்கே அதிகம் அசைகிறது என்று உங்களுக்குக் காட்டிவிடும்.

கட்டை முனையில் மரத்தூளோ, சுவரில் சாய்வான புதிய விரிசலோ, தளத்தின் அடியில் பெயர்ந்த காரையோ கண்டால் பெரியவர்களிடம் சொல்லுங்கள். வலுப்படுத்தும் வேலையை நேரில் பார்த்து முடிவு செய்ய வேண்டியவர் கட்டடப் பொறியாளர். கட்டுரையின் கணக்கு அவர் பார்வைக்கு ஈடாகாது. ஆனால், அவர் வரும்போது "இந்தச் சுமை எந்த வழியாகப் பூமிக்குப் போகிறது, ஐயா?" என்று நீங்கள் கேட்கலாம். பாட்டி தம் கட்டிலில் நிம்மதியாகத் தூங்குவது, அந்த ஒரு கேள்விக்குச் சரியான விடை கிடைப்பதைப் பொறுத்தது.